வலப்பக்கத் தூண்

வலது கையை மேல்சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறேன். பெருவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறேன், சின்னவிரல் இருக்கிறது, மோதிரவிரல் இருக்கிறது, நடுவிரல் கையுறைக்குள் கிடப்பதுபோல இருக்கிறது, சுட்டுவிரல் இல்லை. வெளியே எடுத்துப் பார்த்தால் இருக்கும். தொட்டால்தான் வேறு யாருடையதோ மாதிரி. காலையில் பல் தீட்டும்போதும் இப்படித்தான் இருந்தது, பத்து மணிபோலக் கொஞ்சம் திரும்பி வந்தது, இப்போது மறுபடி போய்விட்டது. எதிரே பெரிய பலகையில் ஒன்பதாவது நிமிடம் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை, மே மாதம், நல்ல வெயில். ஆட்டம் பார்க்க வந்தவர்கள் மத்தியானம் வாத்திறைச்சியும் வைனும் முடித்துவிட்டு வந்து அமர்ந்திருக்கிறார்கள், வடக்குப் பக்கத்தில் ஒரு கோஷ்டி பித்தளைக் குழல்களை ஊதுகிறது. பிரான்சின் தென்மேற்கில் ஆற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊர், ஒரு தேவாலயம், வாத்திறைச்சியை டின்னில் அடைக்கிற ஒரு தொழிற்சாலை, ஒரு ரக்பிக் கழகம். பதினொரு வருடமாக இரண்டாம் பிரிவில் இருக்கிற கழகம், இன்று தோற்றால் மூன்றாம் பிரிவுக்கு இறங்கும். பருவத்தின் கடைசி ஆட்டம், என் ஒப்பந்தத்தின் கடைசி மாதம். எனக்கு முப்பத்துநாலு வயது. மாற்று ஆட்டக்காரரின் வாங்கில் கடைசி ஆளாக, இருபத்துமூன்றாம் இலக்கச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறேன். மயூரதன் என்ற பெயர் இவர்கள் வாயில் நுழையாது. பத்து வருடமாக மாயு.

என் இடத்தில் லெவான் ஆடுகிறான். ஜோர்ஜியாக்காரன், இருபத்திரண்டு வயது, முதுகு கதவு மாதிரி. என்னிடம் ஒன்றும் கேட்டுப் படித்தவன் இல்லை, வரும்போதே எல்லாம் தெரிந்துதான் வந்தான். இதோ முதல் ஸ்க்ரம். எட்டுப் பேர் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குனிகிறார்கள், எதிரே எட்டுப் பேர், நடுவர் மூன்று சொல் சொல்கிறார், தலைகள் தலைகளுக்கிடையே போகின்றன, பிறகு அந்தச் சத்தம். வாங்கிலிருந்து கேட்டால் கதவைச் சாத்துவதுபோல இருக்கும். உள்ளே இருந்தால் சத்தமே இல்லை, உன் மூச்சு, பக்கத்துக்காரன் மூச்சு, கண்ணுக்கு நேரே புல், புல்லில் யாரோ துப்பிய ரத்தம், நாலைந்து சப்பாத்துகள். முன்வரிசையின் இரண்டு ஓரத்திலும் நிற்கிறவர்களைப் பிரெஞ்சில் தூண் என்பார்கள். நான் வலப்பக்கத் தூண். இடப்பக்கத்தானுக்குத் தலையின் ஒரு பக்கம் காற்று இருக்கும், வலப்பக்கத்தானுக்கு இரண்டு பக்கமும் எதிராளியின் தோள், இரண்டு பேருடைய பாரமும் ஒரு கழுத்தில். இடது கை நடுவில் நிற்கிற நம்முடைய ஹூக்கரைப் பிடித்திருக்கும். வலது கை எதிர்த் தூணின் முதுகுச் சட்டையைப் பிடிக்கவேண்டும், நன்றாக உயரத்தில், விலாவுக்குப் பக்கத்தில், முழுக் கையாலும். அந்தப் பிடிதான் ஸ்க்ரத்தை மேலே வைத்திருக்கிறது. பிடி வழுக்கினால் தோள் இறங்கும், தோள் இறங்கினால் பதினாறு பேரும் இறங்குவார்கள். லெவானின் வலது கையைப் பார்க்கிறேன். பிடித்திருக்கிறான். பந்து வெளியே போய்விட்டது, குழல்காரர்கள் மறுபடி தொடங்குகிறார்கள், நான் இன்னும் அந்தக் கை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்று கிழமையாயிற்று. அன்று என் மனைவி நிருஜா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள், போன் அடித்தது, ஒருக்கால் பாருங்கோ என்று போனாள். கல் அடுப்பில் சரிந்து நின்றது, நான் விளிம்பைப் பிடித்து நேராக்கினேன். நேராக்கிவிட்டு அப்படியே நின்றேன், தோசையைத்தான் பார்த்துக்கொண்டு. அவள் திரும்பி வந்து என் கையைப் பார்த்தாள், போனை மேசையில் வைத்தாள், என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் குழாய்க்குக் கீழே கொண்டுபோனாள். "உங்களுக்குச் சுடேல்லையே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அது உண்மை, சுடவில்லை, மணம்தான் வந்தது. அவள் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள், இப்படியான கைகளை அறிந்தவள். தண்ணீரை நிறுத்தாமலே கேட்டாள். "எத்தினை நாளா?" "இப்ப கொஞ்ச நாள்." "டொக்டருக்குச் சொன்னனீங்களோ?" "நிருஜா, இன்னும் மூண்டு ஆட்டம்தான். முடியட்டும், அதுக்கு அடுத்த திங்கட்கிழமையே சொல்லுறன், நீரும் வாரும்." அவள் குழாயைப் பூட்டினாள். "திங்கட்கிழமை வரைக்கும் கழுத்து பாத்துக்கொண்டு இருக்குமோ?" என்றாள். சுட்டுவிரலில் கொப்பளம் போட்டது, உடைந்தது, காய்ந்தது, ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. அந்த மூன்றில் இரண்டு ஆட்டத்தில் லெவான் முழு நேரமும் ஆடிவிட்டான், நான் வாங்கிலேயே இருந்தேன். இது மூன்றாவது. இன்றைக்கும் அவன் முழு நேரமும் ஆடிவிட்டால் நான் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவேண்டி இராது. நாளைக்குத் திங்கட்கிழமை. லெவான் நல்ல பெடியன், உடம்பில் ஒரு கீறல் இல்லை, ஆடுவான். ஆடவேண்டும்.

பத்தொன்பதாவது நிமிடம். மூன்று புள்ளி அவர்களுக்கு, பிறகு மூன்று எங்களுக்கு. எனக்குக் கொட்டாவி வருகிறது, பயம் வந்தால் எனக்குக் கொட்டாவிதான் வரும், பதினைந்து வயதிலிருந்தே. உடற்பயிற்சி வாத்தியார் எங்கள் வீட்டுக்கு வந்த அன்றும் கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தேன், அம்மா முறைத்தா. பாரிசுக்கு வெளியே, ஏழாவது மாடி, அப்பா உணவகத்து வேலைக்குப் போக வெளிக்கிட்டு நிற்கிறார். வாத்தியார் பந்தையும் கொண்டுவந்திருந்தார். அப்பா அதைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். "இது ஏன் தம்பி முட்டை மாதிரி இருக்கு?" என்று என்னிடம் தமிழில் கேட்டார், நான் வாத்தியாரிடம் பிரெஞ்சில் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் அப்பா கேட்கவேண்டியதைக் கேட்டார். "இது அடிபாட்டு விளையாட்டோ எண்டு கேள்." நான் கேட்கவில்லை. இல்லையாம் என்று நானே சொன்னேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஆண்டுவிழா வந்தால் எனக்கு ஒவ்வொரு வருடமும் அரக்கன் வேடம்தான், தொண்ணூற்றைந்து கிலோவுக்கு வேறு வேடம் இருக்கவில்லை, கடைசிக் காட்சியில் விழுவதற்கு என்று மெத்தை போடுவார்கள். ரக்பியில் முதல்நாளே ஒருவர் என் தோளை இரண்டு கையாலும் அமத்திப் பார்த்துவிட்டு நீ இங்கே நில் என்றார். அந்த இடத்திலிருந்து பத்தொன்பது வருடமாக நகரவில்லை. பயிற்சிக் கூடம், விடுதி, ஒரு கழகம், இன்னொரு கழகம், முழங்கால் ஒன்று, தோள் இரண்டு, காது இரண்டும் போயிற்று, மூன்று தடவை மேலே முதற் பிரிவில் ஆடினேன், மூன்றும் மாற்று ஆளாக, மூன்றும் சேர்த்து நாற்பத்தொரு நிமிடம். அந்த நாற்பத்தொரு நிமிடத்தை என்னால் ஒவ்வொன்றாகச் சொல்ல முடியும். மற்றவை எல்லாம் ஒரே புல்லாக இருக்கிறது. அப்பா ஒரேயொரு ஆட்டத்துக்கு வந்தார், ஆறு மணித்தியாலம் ரெயிலில். முடிந்து வெளியே வந்தபோது வாசலில் நின்றார், முகம் வெளிறி. "எங்கை தம்பி நிண்டனி? அந்தக் குவியலுக்குள்ளை உன்னைக் காணேல்லை" என்றார். குவியலுக்குள்தான் நின்றேன் என்றேன். தூணை ஒருவரும் பார்ப்பதில்லை, ரெலிவிஷனில் கூடப் பின்பக்கம்தான் தெரியும், கமரா ஒரு பக்கம் நின்றால் மற்றப் பக்கத்தில் நடப்பது ஒருவருக்கும் தெரியாது.

கமரா மற்றப் பக்கம் நின்றது. இந்த இடத்துக்கு வராமல் சுற்றிப்போகலாம் என்றுதான் ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன், அப்பாவை நினைத்தாலும் வருகிறது, தோசைக்கல்லை நினைத்தாலும் வருகிறது. ஒன்பது வருடத்துக்கு முன், கார்த்திகை மாதம், மழை, எங்கள் மைதானம் இல்லை, அவர்களுடையது. எதிர்த் தூண் பஸ்தியான். அவனை முன்பே தெரியும், இளையோர் அணியில் ஒரு கோடை ஒரே விடுதியில் இருந்தோம், நன்றாகப் பாடுவான். அன்று அவன் என்னைத் தின்றுகொண்டிருந்தான். நாலு ஸ்க்ரம், நாலிலும் என்னைப் பின்னால் நடத்தினான், எங்கள் கோச் கரையில் நின்று என் பெயரைச் சொல்லிக் கத்தினார். ஐந்தாவதில் நான் அவன் முதுகைப் பிடிக்கவில்லை. சட்டைக் கையைப் பிடித்தேன், முழங்கைக்குச் சற்று மேலே, பிடித்துக் கீழே இழுத்தேன். தவறி இல்லை. வழுக்கி இல்லை. எல்லாத் தூணுக்கும் தெரிந்த வேலை அது, எல்லாரும் எப்போதாவது செய்திருப்பார்கள், ஸ்க்ரம் விழும், நடுவர் யாரையாவது காட்டுவார், மறுபடி குனிவோம். அன்று விழுந்தது, அவன் தலை முதலில் போயிற்று, இரண்டு பக்கமும் பின்னால் இருந்தவர்கள் இன்னும் தள்ளிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் எழும்பினோம். அவன் எழும்பவில்லை. முகம் ஒரு பக்கமாகச் சேற்றில் இருந்தது, என்னைத்தான் பார்த்தான், மெதுவாகச் சொன்னான், பக்கத்து மேசையில் உப்பைக் கேட்பதுபோல. "மாயு, காலைக் காணவில்லை." நான் நடுவரைக் கூப்பிட்டேன். அதை மட்டும் சரியாகச் செய்தேன். விசாரணை என்று ஒன்று வைத்தார்கள், வீடியோவைப் பலமுறை ஓட்டினார்கள், ஈரத்தரை, கால் வழுக்கல் என்று எழுதினார்கள். என்னைக் கேட்டார்கள். தெரியவில்லை, சரிந்தது என்றேன். கமரா மற்றப் பக்கம் நின்றது.

இடைவேளை. பதின்மூன்றுக்கு ஒன்பது, நாங்கள் முன்னால். உடைமாற்றும் அறையில் கோச் ஜில் எல்லாரையும் பார்த்துப் பேசுகிறார், ஜில் முன்பு தானே தூணாக இருந்தவர், கழுத்து தோளிலிருந்து நேரே காதுக்குப் போகும். ஸ்க்ரத்தில் இவர்களைப் பிழிகிறோம், அதை விடாதீர்கள், இன்றைக்கு நம்மிடம் இருப்பது அதுதான் என்கிறார். லெவான் தோடம்பழத் துண்டைச் சப்பிக்கொண்டு தலையாட்டுகிறான். டொக்டர் கிளெமான்ஸ் குறுக்கே போகிறாள், போகும்போது எல்லார் முகத்தையும் பார்ப்பாள், அது அவள் பழக்கம். எப்படி மாயு என்கிறாள். நல்லம் என்கிறேன். இடக்கையால் தண்ணீர்ப் போத்தலை எடுக்கிறேன். அவள் ஒரு கணம் நிற்கிறாள், நின்றாளா, போய்விட்டாள். இப்போது சொல்லியிருக்கலாம். மூன்று சொல்தான். சொன்னால் இருபத்துமூன்று பேரில் நான் இல்லை, எனக்குப் பதில் அறிவிக்க இப்போது ஆள் இல்லை, பட்டியல் நேற்றே போய்விட்டது. நேற்றே சொல்லியிருக்கவேண்டும். நேற்று பத்தொன்பது வயது மாற்றுப் பெடியன் ஒருவன் இருந்தான், அவனை எழுதியிருப்பார்கள், அவன் ஆடியிருப்பான். நான் இன்று பார்வையாளர் மாடியில் நிருஜாவோடு உட்கார்ந்து பார்த்திருப்பேன். ஆனால் நேற்று விரல் இருந்தது. பாதி இருந்தது. நேற்று ஜில் என் தோளில் கைவைத்து, கடைசி ஆட்டம், பத்து நிமிடமாவது உனக்குத் தருவேன், சனம் எழும்பிக் கை தட்டட்டும் என்றார். எனக்கு அது வேண்டியிருந்தது. அதைத்தான் சொல்லவேண்டும் என்றால் சொல்கிறேன், எனக்கு அந்தக் கைதட்டல் வேண்டியிருந்தது.

பஸ்தியான் இரண்டு ஊன்றுகோலில் நடக்கிறான். நடக்கவே மாட்டான் என்றார்கள், நடக்கிறான். தகப்பனோடு டயர்க் கடை வைத்திருக்கிறான், கவுண்டரில் இருப்பான். பருவம் முடிந்த கோடைகளில் நான் ஞாயிற்றுக்கிழமை போவேன், ஒன்றரை மணித்தியாலம் கார். முதல் முறை போகும்போது சொல்லத்தான் போனேன். கதவைத் திறந்த உடனே அவன் தாய் என்னைக் கட்டிக்கொண்டா, நீ ஒருவன்தான் வந்தாய் என்றா. அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது. சாப்பிட்டோம். அவனே கதையை எடுத்தான். "ஸ்க்ரம் என்றால் விழும், மாயு. அவ்வளவுதான்" என்றான், என் தட்டில் இன்னும் ஒரு துண்டு வைத்தான். நான் அதைத் தின்றேன். அடுத்த வருடமும் போனேன், அதற்கடுத்த வருடமும். ஒவ்வொரு முறையும் காரில் போகும்போது வசனம் கட்டிக்கொண்டு போவேன், பிரெஞ்சில், திருத்தமாக. ஒவ்வொரு முறையும் வயிறு நிறைந்து திரும்பி வருவேன். என் கலியாணத்துக்கு வந்தான், மண்டபத்துப் படியில் இரண்டு தமிழ்ப் பெடியள் அவனைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு போனார்கள், ஆர் இவர் என்று அம்மா கேட்டா, கூட்டாளி என்றேன், பாவம் என்ன நடந்தது என்று கேட்டா, விழுந்தது என்றேன். யார் விழுந்தது, எது விழுந்தது. தமிழில் அப்படிச் சொல்லலாம், ஆளே இல்லாமல்.

ஐம்பத்தெட்டு. ஓரத்தில் ஓடி உடம்பைச் சூடாக்கச் சொல்கிறார்கள். எழும்பி ஓடுகிறேன், கோட்டுக்கு வெளியே, கொடிவரை போய்த் திரும்பி. வேலியோரம் நிற்கிற சனம் மாயு மாயு என்கிறது, டின் தொழிற்சாலைக்காரர்கள், பேக்கரிக்காரி, இவர்களுக்குத் தெரியும் இது கடைசி என்று. கையை உதறுகிறேன். உதறினால் சில நேரம் வரும். கழுத்தை இடப்பக்கம் சாய்க்கிறேன், வலப்பக்கம் சாய்க்கிறேன், வலப்பக்கம் சாய்க்கும்போது முழங்கைக்குள்ளால் ஒரு கம்பி சுடச்சுட இறங்குகிறது, பெருவிரல்வரை, பிறகு ஒன்றுமில்லை. எதிரணி இடப்பக்கத் தூணை மாற்றுகிறது. புதியவன் உள்ளே ஓடுகிறான், இருபது வயதிருக்கும், பின்னால் மட்டும் முடி வளர்த்திருக்கிறான், சப்பாத்து புத்தம்புதுசு. நான் போனால் எனக்கு எதிரே அவன்தான். அவன் கழுத்தைப் பார்க்கிறேன், பார்க்கக்கூடாது, பார்க்கிறேன். இந்தக் கையால் அவன் முதுகைப் பிடிக்க முடியாது. பிடித்தது போலிருக்கும், துணி கைக்குள் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அவன் உள்ளே தள்ளுவான், நான் பின்னால் போவேன், எண்ணாயிரம் பேர் பார்ப்பார்கள். அப்போது உடம்பு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். உடம்பு என்னைக் கேட்காது. அன்றும் கேட்கவில்லை என்று சொல்ல ஆசை, அன்று கேட்டது, நான் ஓம் என்றேன். திரும்பி வந்து வாங்கில் உட்காருகிறேன். பத்தொன்பதுக்குப் பதினைந்து. எங்களுக்கு நாலு புள்ளி. லெவான் நன்றாகத்தான் இருக்கிறான், கையை இடுப்பில் வைத்து மூச்சு வாங்குகிறான், நன்றாகத்தான் இருக்கிறான். அறுபத்தாறு. அறுபத்தெட்டு. ஜில் என் பக்கம் திரும்பவில்லை. ஸ்க்ரம் வெல்லுகிறது, வெல்லுகிறதை ஏன் மாற்றுவார், கைதட்டலை மறந்துவிட்டார், மறக்கட்டும். எழுபத்தொன்று. அவர்கள் அமுக்கிக்கொண்டு வருகிறார்கள், எங்கள் கோட்டுக்கு ஐந்து மீற்றரில் பந்து கீழே விழுகிறது, நடுவர் கை நீட்டுகிறார், ஸ்க்ரம், அவர்களுடைய பந்து. குனிகிறார்கள். சத்தம். ஸ்க்ரம் ஒரு பக்கமாகச் சுழல்கிறது, விழுகிறது, எழும்புகிறார்கள், ஒருவர், இருவர், லெவான் எழும்பவில்லை.

முழங்கால். கையால் முழங்காலைப் பிடித்திருக்கிறான், காலை ஆட்டுகிறான், கால் ஆடுகிறது, நான் மூச்சு விடுகிறேன். கிளெமான்ஸ் ஓடிப்போய்க் குனிந்து பார்த்துவிட்டுக் கைகளை வாங்கைப் பார்த்துச் சுழற்றுகிறாள், மாற்று. ஜில் திரும்புகிறார். "மாயு. வா." சனம் எழும்புகிறது. உண்மையாகவே எழும்புகிறது, கைதட்டல் கூரையில் பட்டுத் திரும்பி வருகிறது, பித்தளைக் குழல்கள் என்னவோ ஊதுகின்றன. எழும்புகிறேன். மேல்சட்டையின் சிப்பைத் திறக்கவேண்டும். வலது கை சிப்பைப் பிடிக்கிறது, இழுக்கிறேன், கை வருகிறது, சிப் வரவில்லை. மறுபடி. ஜில் பார்க்கிறார். இடது கையால் இழுத்துத் திறந்துவிட்டேன், இனி ஒன்றுமில்லை, பத்து அடி நடந்தால் கோடு. நடக்கிறேன். சப்பாத்தின் அடியைப் பார்க்கிற அதிகாரி குனிந்து பார்த்துச் சரி என்கிறார். அங்கே அந்தப் புதுச் சப்பாத்துப் பெடியன் நிற்கிறான், தண்ணீர் குடித்துத் துப்புகிறான், என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டுகிறான், வயதில் மூத்தவனுக்குச் செய்கிற மாதிரி. நான் நிற்கிறேன். "ஜில், என் வலது கைக்கு உணர்வில்லை" என்கிறேன். அவருக்குக் கேட்கவில்லை, சனத்தின் சத்தம். கிட்டப் போய்க் காதுக்குள் சொல்கிறேன். அவர் என் முகத்தைப் பார்க்கிறார், கையைப் பார்க்கிறார். "எப்போதிருந்து?" "மூன்று கிழமை." "இப்போதா சொல்கிறாய்?" "இப்போதுதான் சொல்கிறேன்." அவர் மைதானத்தைப் பார்க்கிறார், பலகையைப் பார்க்கிறார். அவருக்குச் சட்டம் தெரியும், எனக்கும் தெரியும். பழகிய வலப்பக்கத் தூண் இல்லையென்றால் ஸ்க்ரத்தில் தள்ள விடமாட்டார்கள், சும்மா குனிந்து நின்று பந்தை விடவேண்டும், அதோடு எங்களுக்கு ஓர் ஆளும் குறையும், பதினாலு பேர். எங்களிடம் இருக்கிற ஒரே பலம் ஸ்க்ரம். "ஒரேயொரு ஸ்க்ரம், மாயு" என்கிறார், மெதுவாக, கெஞ்சுவதுபோல இல்லை, விலை கேட்பது போலவும் இல்லை, தூண் தூணோடு பேசுகிற குரலில். "உள்ளே போ, குனி, பாரத்தைப் போட்டுத் தொங்கு. விழுத்து. நேரம் போகும். உனக்குத் தெரியும்தானே எப்படி என்று." தெரியும் என்கிறேன். "அந்தப் பெடியன்ரை கழுத்து" என்கிறேன், தமிழில் வந்துவிட்டது, மறுபடி பிரெஞ்சில் சொல்கிறேன். "அவன் கழுத்துக்கு ஏதும் நடந்தால் நான் என்ன செய்ய, ஜில்?" ஜில் தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி போடுகிறார். பிறகு நாலாவது அதிகாரியிடம் தானே நடந்து போகிறார்.

லெவான் எழும்பி ஒற்றைக் காலில் நின்று, நான் போகிறேன், நான் ஆடுகிறேன் என்கிறான், கிளெமான்ஸ் அவன் சட்டையைப் பிடித்து வைத்திருக்கிறாள். நடுவர் இரண்டு கையையும் மேலே தூக்கி ஏதோ அறிவிக்கிறார், சனத்துக்கு விளங்க ஒரு நிமிடம் எடுக்கிறது, விளங்கியதும் கைதட்டல் நிற்கிறது. பிறகு ஊளை, நடுவருக்குத்தான், பிறகு எனக்கும், வேலியோரத்தில் ஒருவர் கேட்கிறார், நின்றுகொண்டுதானே இருக்கிறான், அவனுக்கு என்ன. நான் வாங்கில் உட்காருகிறேன். பதினாறு பேர் குனிகிறார்கள், ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டு நிற்கிறார்கள், சத்தமே இல்லை, பந்து ஒரு பக்கம் போய் மறுபக்கம் வருகிறது. ஸ்க்ரத்தில் எட்டுப் பேர் இருந்தே ஆகவேண்டும், ஆகவே குறைந்த ஆள் ஓரத்தில் குறைந்தான். பந்து ஓரத்துக்குப் போனது. அங்கே ஒருவரும் இல்லை. அவர்களுடைய ஆள் நடந்தே போய் எங்கள் கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்தான். இருபத்திரண்டுக்குப் பத்தொன்பது, அவர்கள் முன்னால். மிச்ச ஏழு நிமிடமும் எங்கள் ஆட்கள் ஓடினார்கள், நன்றாகத்தான் ஓடினார்கள், ஒருமுறை கோட்டுக்கு முன்னால்வரை போனார்கள், பந்து கைநழுவியது. முடிவு விசில் ஊதியபோது எங்கள் ஹூக்கர் புல்லில் முகம் குப்புறக் கிடந்தான். பேக்கரிக்காரி அழுகிறாள். என்னைத் தாண்டிப் போனவர்களில் பலர் என் தோளில் தட்டினார்கள், சிலர் தட்டவில்லை. பதினொரு வருடம். ஒரு சொல்லில் இறக்கிவிட்டேன். அல்லது நேற்றே சொல்லாததில் இறக்கினேன், அதுதான் சரி, நேற்றுச் சொல்லியிருந்தால் அந்தப் பத்தொன்பது வயதுப் பெடியன் இருந்திருப்பான். இதை நான் பிறகும் நினைப்பேன், நிறைய நாள் நினைப்பேன், காரில், கட்டிலில், கடைக்குப் போகிற வழியில்.

மைதானத்துக்குக் கீழே ஒரு நடைவழி இருக்கிறது, துணி உலர்த்துகிற இயந்திரங்களுக்குப் பக்கத்தில், அங்கே ஒருவரும் வரமாட்டார்கள். இடது கையால் போனை எடுக்கிறேன். நிருஜாவிடமிருந்து மூன்று அழைப்பு. முதலில் மற்றதைச் செய்யாவிட்டால் செய்யமாட்டேன். பஸ்தியான் இரண்டாவது மணியிலேயே எடுத்தான், பின்னால் ரெலிவிஷன் ஓடுகிறது, இதே ஆட்டம். "ஏன் நீ உள்ளே போகவில்லை?" என்றான். "கை விறைத்துப் போய்விட்டது. கழுத்திலிருந்து." "அட" என்றான். ரெலிவிஷனை நிறுத்தினான். "நடக்கிறாயா?" "நடக்கிறேன்." "சரி. நல்லது. நடந்தால் சரி." வருடக்கணக்காகக் காரில் கட்டிய வசனங்களில் ஒன்றுகூட வரவில்லை. "பஸ்தியான், அன்றைக்கு ஸ்க்ரம் தானாக விழவில்லை. நான் இழுத்தேன்." இயந்திரங்கள் சுற்றுகின்றன. அவன் மூச்சு கேட்கிறது. "தெரியும்" என்றான். "என் கைதானே." நான் சுவரில் சாய்ந்தேன். "தெரிந்தால் ஏன்..." "நீ ஒவ்வொரு கோடையும் வந்தாய். சொல்லத்தான் வருகிறாய் என்று எனக்குத் தெரியும். காரை நிறுத்திவிட்டு உள்ளேயே இருந்து வாய் அசைப்பாய், யன்னலால் பார்ப்பேன். இன்றைக்குச் சொல்வான், இன்றைக்குச் சொல்வான் என்று பார்த்தேன். முதல் இரண்டு வருடம் சொல்லியிருந்தால் உன்னை அடித்திருப்பேன். பிறகு அம்மா உனக்கென்று வாத்து வாங்கி வைக்கத் தொடங்கிவிட்டா." சிரிக்கிறானா, இல்லை. "அவவுக்குத் தெரியாது. அவவுக்குச் சொல்லாதே." "சரி." "இந்தக் கோடை வரவேண்டாம், மாயு." "சரி." "அடுத்த கோடையும் என்னவோ தெரியாது. நான் கூப்பிடுகிறேன். கூப்பிடாவிட்டால் கூப்பிடவில்லை என்று அர்த்தம்." போனை வைத்துவிட்டான். கோபமாக வைக்கவில்லை. கடையில் ஆள் வந்தால் வைப்பதுபோல வைத்தான். பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன், இறங்கவில்லை, இடம் மாறி உட்கார்ந்தது.

கிளெமான்ஸ் என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். மருத்துவ அறைக்குக் கூட்டிப்போய்க் கட்டிலில் இருத்தினாள், கழுத்துக்குப் பட்டி போட்டாள், அம்புலன்சுக்குச் சொல்லிவிட்டேன், இன்றைக்கே ஸ்கான் என்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. நிருஜாவுக்கு நான் போன் எடுக்கட்டுமா, நீயே எடுக்கிறாயா என்று கேட்டாள், நானே எடுக்கிறேன் என்றேன். லெவான் பக்கத்துக் கட்டிலில் முழங்காலில் ஐஸ் பையோடு கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். கிளெமான்ஸ் ஒரு கதிரையை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் என் கைகளைப் பிடித்து, தன் விரல்கள் இரண்டிரண்டை என் உள்ளங்கைகளுக்குள் வைத்தாள். இடது கையால் அழுத்து என்றாள். அழுத்தினேன், முகத்தைச் சுளித்தாள், போதும் போதும் என்றாள். இப்போது வலது என்றாள். அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டே அழுத்தினேன், தோளிலிருந்து, முழு மூச்சோடு. அவள் காத்திருந்தாள். "அழுத்து, மாயு" என்றாள்.

அழுத்திக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன்.